கீப் டிரேட் கட்: ரூக்கி டிராஃப்ட்டுக்கு எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்கக் கால்பந்தில் டைனஸ்டி லீக் ஆடுகிறவர்களில் கீப் டிரேட் கட் தளத்தை அறியாதவர்கள் குறைவு. உண்மை வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் களத்தில் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி பெறும் ஃபேன்டசி ஆட்டத்தில், ஒரு சீசனோடு கலைந்துவிடாமல், எடுத்த வீரர்களை ஆண்டுக்கணக்கில் கையில் வைத்துக்கொண்டே தொடரும் லீக்குகள் இவை. ஏப்ரல் கடைசியில், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் தங்கள் டிராஃப்ட்டில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்து முடித்ததும், பெரும்பாலும் மே மாதத்தில், அதே புதுமுகங்களை லீக்கில் உள்ளவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ரூக்கி டிராஃப்ட் நடக்கும். 12 பேர் உள்ள லீக்கில் 4 சுற்று என்றால் 48 பெயர்கள் வேண்டும். அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதுதான் அந்த மாதம் முழுவதும் ஓடும் கேள்வி. இத்தளம் அதற்கு ஒரு விடையை இலவசமாகவும் உடனடியாகவும் தருகிறது. ரூக்கி டிராஃப்ட் என்ற ஒரே தேவைக்கு அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன். ஒரு புதுமுகத்துக்குச் சந்தையில் என்ன விலை என்று தெரிந்துகொள்ள நான் முதலில் திறப்பது இதைத்தான். அவரை எடுக்கலாமா என்று யோசிக்கும் நேரத்தில் மூடி வைப்பதும் இதைத்தான். இரண்டுக்கும் காரணம் தளம் கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது.

தளத்துக்குள் நுழைகிறவர் முன்னால் மூன்று பெயர்கள் வந்து நிற்கும். ஆஷ்டன் ஜென்டி, டெட்டைரோவா மெக்மில்லன், டிராவிஸ் ஹன்டர் என்று வைத்துக்கொள்வோம். மூவரில் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும், ஒருவரைக் கைமாற்ற வேண்டும், ஒருவரைக் கழற்றிவிட வேண்டும். மூன்று தட்டு, வேலை முடிந்தது. இப்படி வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போகும் விடைகளைத் திரட்டி, ஒவ்வொரு வீரருக்கும் 9999 என்ற உச்சவரம்புக்குள் ஒரு மதிப்பெண்ணைத் தளம் கணக்கிடுகிறது. ரூக்கிகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொருவரின் மதிப்பும் கடந்த நாட்களில் ஏறியதா இறங்கியதா என்று வரைபடமாகப் பார்க்கலாம். வரிசை எங்கே ஓர் அடுக்கு முடிந்து அடுத்த அடுக்கு தொடங்குகிறது என்பதும் குறித்துக் காட்டப்பட்டிருக்கும். நடுவில் நிபுணர் குழு என்று எதுவும் இல்லை. வாக்களிக்கிறவர் அந்த வீரரின் ஆட்டம் ஒன்றையாவது முழுதாகப் பார்த்தவரா, நேற்றிரவு யாரோ சொன்னதைக் கேட்டவரா என்று தளம் கேட்பதில்லை. நகைக்கடை வாசலில் எழுதிப்போட்டிருக்கும் அன்றைய தங்க விலையைப் போன்றதுதான் இந்த எண். உள்ளே நமக்குக் காட்டப்படும் வளையல் எவ்வளவு சுத்தம் என்பதற்கு அந்தப் பலகை பொறுப்பில்லை.

விலைப்பலகை என்ற அளவில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. லீக்கின் முறைக்கு ஏற்ப விலை எப்படி மாறும் என்பதை இவ்வளவு எளிதாகக் காட்டும் தளங்கள் குறைவு. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒரே ஒருவரை மட்டும் ஆட வைக்கும் லீக்கா, இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்கும் இடம் தரும் சூப்பர்ஃபிளெக்ஸ் லீக்கா என்று ஒரு பொத்தானை மாற்றினால் வரிசை முழுவதும் கலைந்து மறுபடி அடுக்கப்படும். 2024 வகுப்பு, அதாவது அந்த ஆண்டின் புதுமுகங்கள், இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு என்எஃப்எல் டிராஃப்ட்டின் முதல் மூன்று இடங்களும் கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிரேக் மே என்று குவார்ட்டர்பேக்குகளுக்கே போயின. முதல் 12 பேருக்குள் ஆறு குவார்ட்டர்பேக்குகள். சூப்பர்ஃபிளெக்ஸ் லீக்குகளில் வில்லியம்ஸ்தான் பொதுவாக முதல் பெயர். ஒற்றைக் குவார்ட்டர்பேக் லீக்குகளில் அவருக்கு முன்னால், எறியும் பந்தைப் பிடிக்கும் வைடு ரிசீவர்கள் வரிசையாக நின்றார்கள். தலைமையில் மார்வின் ஹாரிசன் ஜூனியர்.

மறுஆண்டு அந்த வேறுபாடு முதலிடத்தைத் தொடவே இல்லை. டென்னசி டைட்டன்ஸ் 2025 இன் முதல் வீரராக கேம் வார்டை எடுத்தும், சூப்பர்ஃபிளெக்ஸிலும்கூட முதல் பெயர் லாஸ் வேகஸ் ஆறாவதாக எடுத்த ஜென்டி என்பதில் பெரும்பாலோருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 2024 கல்லூரி சீசனில் பாய்சி ஸ்டேட்டுக்காக 2,601 கெஜம் ஓடிய ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுகிறவர்) அவர். 1988 இல் பேரி சாண்டர்ஸ் வைத்த 2,628 கெஜச் சாதனைக்கு 27 கெஜமே குறைவு. ஆனால் சாண்டர்ஸ் அதை 11 ஆட்டங்களில் செய்தார், ஜென்டிக்கு 14 ஆட்டங்கள் கிடைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எந்த ஆண்டு குவார்ட்டர்பேக்குகளுக்குப் பஞ்சம், எந்த ஆண்டு மிகுதி என்பதைப் பொத்தானை இரண்டு முறை மாற்றிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். புதிதாக டைனஸ்டிக்கு வருகிறவருக்கு இதைவிடக் குறுகிய பாடம் கிடைக்காது.

பந்தைப் பிடிப்பதோடு எதிரணியைத் தடுக்கவும் செய்யும் டைட் எண்ட்களுக்குக் கூடுதல் புள்ளி தரும் லீக்குகளுக்கும் தனி அமைப்பு இருக்கிறது. அந்தக் கூடுதல் எவ்வளவு என்பதற்கு ஏற்பப் படிப்படியாக உயர்த்திக்கொள்ளவும் முடியும். புதுமுக டைட் எண்ட்கள் முதல் ஆண்டில் பயன்பட மாட்டார்கள் என்பது நெடுங்கால நம்பிக்கை. 2024 இல் 13ஆவதாக லாஸ் வேகஸுக்குப் போன பிராக் பவர்ஸ் 112 பந்துகளைப் பிடித்து 1,194 கெஜம் சேர்த்ததும், 1961 இல் மைக் டிட்கா வைத்த 1,076 கெஜப் புதுமுகச் சாதனை முறிந்ததும் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்துவிட்டன. 2025 இல் சிகாகோ கோல்ஸ்டன் லவ்லண்டை 10ஆவதாகவும், இண்டியானபோலிஸ் டைலர் வாரனை 14ஆவதாகவும் எடுத்தபோது, இந்த அமைப்பை உயர்த்தினால் அவர்கள் எத்தனை ரிசீவர்களைத் தாண்டி மேலே வருகிறார்கள் என்று பார்ப்பதே பயனுள்ள பயிற்சியாக இருந்தது.

விலையைத் தகுதி என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது. வாக்களிக்கும் கூட்டம் ஒரு வீரரைப் பற்றிக் கடைசியாகக் கேட்ட செய்தியைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கும். டிராஃப்ட் முடிந்த வாரத்தில் அந்தக் கடைசிச் செய்தி, அவர் எந்த அணிக்குப் போனார் என்பது. 2020 இல் நடந்ததை டைனஸ்டி ஆட்டக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கிளைடு எட்வர்ட்ஸ்-ஹெலேர் 32ஆவதாக கன்சாஸ் சிட்டிக்குப் போனார். அந்த அணி அப்போதுதான் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்றிருந்தது. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். அவ்வளவுதான், ஏப்ரல் வரை வேறு சில ரன்னிங் பேக்குகளுக்குக் கீழே இருந்தவர் பல ரூக்கி டிராஃப்ட்டுகளில் முதல் பெயராகிவிட்டார். விஸ்கான்சினில் மலைபோல் கெஜங்களைக் குவித்துவிட்டு 41ஆவதாக இண்டியானபோலிஸுக்குப் போன ஜோனதன் டெய்லர் அவருக்குப் பின்னால் நின்றார். அடுத்த ஆண்டே 1,811 கெஜம் ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தார். 22ஆவதாக மினசோட்டாவுக்குப் போன ஜஸ்டின் ஜெஃபர்சன் இன்னும் தள்ளி நின்றார். முதல் சீசனிலேயே 1,400 கெஜம். எட்வர்ட்ஸ்-ஹெலேர் முதல் ஆண்டில் ஓடியது 803 கெஜம். அதைத் தாண்டிய ஓர் ஆண்டு அவருக்கு வாய்க்கவே இல்லை.

அணியின் பெயரைப் பார்த்து ஏற்படும் இந்த மயக்கம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2024 இல் 40 கெஜத்தை 4.21 விநாடியில் ஓடி, கல்லூரி வீரர்களின் உடல்திறனைச் சோதிக்கும் என்எஃப்எல் கம்பைனின் சாதனையை முறித்த சேவியர் வொர்த்தி, 28ஆவதாக அதே கன்சாஸ் சிட்டிக்குப் போனார். சாதனை வேகம், மஹோம்ஸின் கை: கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆறு இடம் தள்ளி, 34ஆவதாகச் சார்ஜர்ஸுக்குப் போனவர் லேட் மெக்கான்கி. பாதையைத் துல்லியமாக வெட்டி ஓடுவதில் அந்த வகுப்பின் முன்னணியில் இருந்தவர். எதிரணிக் காவலரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும் அவருடைய நிதானம் ஜார்ஜியா ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று பெயர் அட்டையில் அது தெரிய வழியில்லை. முதல் சீசனில் வொர்த்தி 638 கெஜம், மெக்கான்கி 1,149 கெஜம். வொர்த்தி மோசமான வீரர் என்று சொல்ல வரவில்லை. வேகமும் அணியும் ஏற்கெனவே விலைக்குள் ஏறிவிட்டிருந்தன, அவ்வளவுதான்.

வரிசையின் வால்பகுதிக்குப் போகப் போக எண்களின் பொருள் இன்னும் மங்குகிறது. முதல் பத்துப் பெயர்களை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். முப்பதாவது பெயரைப் பற்றி ஒரு கருத்து வைத்திருப்பவர்கள் சிலரே, ஆனால் அட்டையில் அவர் பெயர் வந்துவிட்டால் மற்றவர்களும் ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள். அப்படித் தட்டும்போது தளத்தின் தற்போதைய வரிசையே அவர்கள் மனத்தில் இருக்கும் என்பதால், பழைய வரிசை தன்னைத் தானே உறுதிப்படுத்திக்கொள்கிறது. மேலே இரண்டு பெயர்களுக்கு இடையிலான இடைவெளி உண்மையிலேயே ஏதோ சொல்கிறது. கீழே வரும்போது பத்துப் பதினைந்து புள்ளி வித்தியாசத்தில் நெருக்கியடித்து நிற்கும் பெயர்களுக்குள் யார் மேல், யார் கீழ் என்று பார்ப்பது வீண். நான்கு இலக்க எண்ணாக எழுதப்பட்டிருப்பதாலேயே அது அளந்து சொன்னதுபோல் தோன்றுகிறது.

2024 இன் ரன்னிங் பேக்குகளைப் பார்த்தால் இது விளங்கும். அந்த ஆண்டு முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் போகவில்லை. முதலில் போனவர் 46ஆவதாக கரோலைனா எடுத்த ஜோனதன் புரூக்ஸ். முந்தைய நவம்பரில் டெக்சாஸுக்காக ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்து, அப்போதும் தேறிக்கொண்டிருந்தவர். ரூக்கி டிராஃப்ட்டுகளிலும் ரன்னிங் பேக்குகளில் அவரே முன்னால் போனார். நவம்பர் கடைசியில் திரும்பி வந்தவருக்கு டிசம்பரில் அதே முழங்கால் மறுபடியும் போயிற்று. நான்காம் சுற்றில் 125ஆவதாக டாம்பா பே எடுத்த பக்கி இர்விங், உடம்பு சிறியது, ஓட்ட வேகமும் அதற்கு ஈடுகட்டும் அளவுக்கு இல்லை என்று பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தார். 1,122 கெஜம் ஓடினார். முந்தைய ஆண்டில் ரிசீவர் பூகா நக்கூவா 177ஆவதாக ராம்ஸுக்குப் போய், 105 பந்து, 1,486 கெஜம் என்று இரண்டு புதுமுகச் சாதனைகளையும் ஒரே சீசனில் முறித்ததும் இந்த வகைதான். இவர்களைத் தளம் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. என்எஃப்எல் அணிகளுக்கே தெரியவில்லை. ஆனால் மூன்றாம், நான்காம் சுற்றுகளில் தளத்தின் வரிசையை அப்படியே பின்பற்றுவதால் எந்த லாபமும் இல்லை என்பது நிச்சயம். அங்கே ஒருவர் தன் கண்ணையும், கல்லூரியில் அணியின் மொத்த ஆட்டத்தில் அந்த வீரருக்குக் கிடைத்த பங்கையும், எந்த வயதில் அவர் மேலே வந்தார் என்பதையும் நம்புவது மேல். பத்தொன்பது வயதில் தன் அணியின் முதன்மை ரிசீவராக இருந்தவரையும், இருபத்து மூன்று வயதில், தன்னைவிட இளையவர்களுக்கு எதிராக, அதே எண்களை எடுத்தவரையும் ஒன்றாக வைக்கக் கூடாது.

ஏப்ரலுக்கு முன்னால், குறிப்பாகக் குவார்ட்டர்பேக்குகள் விஷயத்தில், இந்தப் பட்டியலைக் கொஞ்சமும் நம்ப வேண்டாம். ரன்னிங் பேக் மூன்றாம் சுற்றுக்கு இறங்கினாலும் ஒரு காயத்தின் மறைவில் வாய்ப்புக் கிடைத்துவிடும். குவார்ட்டர்பேக் இறங்கினால் களமே கிடைக்காமல் போகலாம். 2022 இல் முதல் சுற்றில் எதிர்பார்க்கப்பட்ட மாலிக் வில்லிஸ் 86ஆவது இடம் வரை காத்திருந்தார். அந்த முதல் சுற்றில் போன ஒரே குவார்ட்டர்பேக் 20ஆவதாக எடுக்கப்பட்ட கென்னி பிக்கட். சாம் ஹாவல் 144 வரை இறங்கினார். 2025 இல் கொலராடோவின் ஷெடூர் சாண்டர்ஸ் கிளீவ்லண்டுக்குப் போனதும் அதே 144ஆவது இடத்தில்தான், தற்செயலாக. மார்ச் மாதத்தில் இவர்களுக்கு இருந்த விலையில் முன்கூட்டியே பிக் (டிராஃப்ட்டில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறை) கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டவர்களின் நிலை பரிதாபம். அதே நேரத்தில், டிராஃப்ட் நடக்கும் அந்த மூன்று நாட்களில் மனிதர்கள் எழுதும் பட்டியல்கள் பழையதாகிக் கிடக்கும்போது, இத்தளத்தின் வாக்குகள் நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விழுந்தவர் விலை விழுந்தபடியே தெரியும்.

டிராவிஸ் ஹன்டரைப் போன்ற ஒருவர் வந்தால் தளம் திருதிருவென விழிக்கும். 2024 இல் கொலராடோவுக்காக 96 பந்து பிடித்து 1,258 கெஜம், 15 டச்டவுன் எடுத்த அதே ஆள், மறுபக்கம் தற்காப்பில் கார்னர்பேக்காக நின்று, எதிரணி எறிந்த பந்தைப் பறிக்கும் இன்டர்செப்ஷன் நான்கும் செய்தார். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்கே. ஜாக்சன்வில் அவருக்காக அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுத்து ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியது. தற்காப்பு வீரர்களுக்கும் புள்ளி தரும் லீக்கில் அவர் மதிப்பு ஒன்று, தாக்குதல் ஆட்டத்துக்கு மட்டும் புள்ளி தரும் லீக்கில் முற்றிலும் வேறு. தளமோ தாக்குதல் வீரர்களின் உலகத்திலேயே வாழ்கிறது. ஹன்டரைத் தனியாக உட்கார்ந்து நாமே கணக்குப் போட வேண்டியதுதான்.

மாற்று வழிகள் என்று பார்த்தால், ஃபேன்டசிபுரோஸ் போன்ற இடங்களில் பல எழுத்தாளர்களின் வரிசைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்த பட்டியல் கிடைக்கிறது. அதில் பெயர் போட்டு எழுதுகிறவர்கள் இருப்பதால் ஏதோ ஒரு பொறுப்பு உண்டு. ஆனால் தனித்து நின்று தவறுவதைவிடக் கூட்டத்தோடு சேர்ந்து தவறுவதையே அவர்களில் பலரும் விரும்புவார்கள் என்பதால், முடிவில் அதுவும் இதே வரிசையை ஒட்டியே வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கும் வேவு அறிக்கைகள் இன்னொரு வகை. ஒரே ஒருவர், ஒவ்வொரு வீரரின் ஆட்டத்தையும் பார்த்து, ஏன் இந்த இடம் என்று காரணத்தோடு எழுதுவது. முதல் பத்துப் பெயர்களுக்கு அது தேவையில்லை என்பேன்; இருபதுக்குக் கீழே அதுதான் தேவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம்பும் ஓர் அறிக்கை மேலே வைத்திருக்கும் பெயர் இத்தளத்தில் கீழே கிடந்தால், அவரைத் தேடிப் போவது என் வழக்கம். தலைகீழாக இருந்தால், அவரை எடுத்து உடனே கைமாற்றுவது.

அந்தக் கைமாற்றுக்குத்தான் தளத்தின் டிரேட் கால்குலேட்டர் இருக்கிறது, அது நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது. ஒருபக்கம் நீங்கள் கொடுப்பதையும் மறுபக்கம் வாங்குவதையும் போட்டால் எந்தப் பக்கம் கனம் என்று சொல்லும். வெறுமனே கூட்டிக் காட்டினால் மூன்று சுமாரான வீரர்கள் சேர்ந்து ஒரு பெரிய வீரருக்குச் சமமாகிவிடுவார்கள். ஆட வைக்க இருக்கும் இடமோ ஒன்று. அதனால் ஒற்றைப் பெரிய வீரர் இருக்கும் பக்கத்துக்கு ஒரு சரிக்கட்டும் தொகையைத் தளமே சேர்த்துக்கொள்கிறது. 1.04 (முதல் சுற்றின் நான்காம் இடம்) என்ற பிக்கைக் கொடுத்துவிட்டு 1.09 ஐயும் 2.03 ஐயும் வாங்கலாமா என்பது போன்ற கேள்விகளுக்கு, அடுக்கு எங்கே உடைகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைத்ததில்லை. நான்காம் பெயரும் ஒன்பதாம் பெயரும் ஒரே அடுக்கில் இருக்கும் ஆண்டில் இறங்கிக்கொள்ளலாம். நடுவில் அடுக்கு முடிந்தால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னும் பெயர் வைக்கப்படாத வருங்காலப் பிக்குகளுக்கும் இங்கே விலை உண்டு. முதல் சுற்றின் முற்பகுதி, நடுப்பகுதி, பிற்பகுதி என்று பிரித்தே. நவம்பரில் ஆட்டங்கள் சூடாக இருக்கும்போது எல்லாரும் இந்த வாரம் புள்ளி தரும் வீரரைத் தேடுவார்கள், பிக்குகள் மலிவாக இருக்கும். சீசன் முடிந்து, கம்பைன் நடந்து, ஏப்ரல் நெருங்க நெருங்க ஒவ்வொரு பிக்கும் ஏதோ ஒரு புதிய முகத்தைப் போட்டுக்கொண்டு விலை ஏறும். தன் முறை வந்து கடிகாரம் ஓடும் நிமிடம்தான் ஒரு பிக்கின் உச்ச விலை. பெயரைச் சொன்ன பிறகு அவர் வெறும் மனிதராகிவிடுகிறார், காயம் படக்கூடியவர், பெஞ்சில் உட்காரக்கூடியவர்.

ஆனால் எதிரில் பேரம் பேசுகிறவரும் இதே தளத்தைத்தான் திறந்து வைத்திருப்பார் என்பதை மறக்க வேண்டாம். இருவர் கையிலும் ஒரே எண் இருக்கும்போது அந்த எண்ணை வைத்து யாரும் யாரையும் முந்த முடியாது. முந்த முடிவது தளம் கேட்காத விதிகளில்தான். குவார்ட்டர்பேக் முறையையும் டைட் எண்ட் புள்ளியையும் அது கேட்கும். உங்கள் லீக் ஃபர்ஸ்ட் டவுனுக்கு (தேவையான பத்து கெஜத்தை முன்னேறி மறுபடி முயற்சிகளைப் பெறுவதற்கு) தனிப் புள்ளி தருகிறதா, பாஸிங் டச்டவுனுக்கு நான்கு தராமல் ஆறு தருகிறதா என்பவற்றுக்கு அந்த விலையில் இடம் இல்லை. ஃபர்ஸ்ட் டவுனுக்குப் புள்ளி இருக்கும் லீக்கில், மூன்றாவது முயற்சியில் இரண்டு கெஜம் தேவைப்படும்போது பந்து கையில் கொடுக்கப்படும் கனத்த ரன்னிங் பேக்கை, தளம் சொல்லும் விலைக்கே வாங்கிவிடுங்கள். விற்கிறவர் தனக்குத்தான் லாபம் என்று நினைத்துக்கொண்டு சம்மதிப்பார்.